எண்ணூர் சேற்றில் மாசு: நுண்ணுயிர்களை வைத்து அளக்க எந்த முறைக்குச் செலவு செய்வது?

எண்ணூர் கழிமுகத்து வண்டலில் வாழும் நுண்ணுயிர்களைக் கொண்டு மாசை அளக்க வேண்டும். கையிலுள்ள பணம் முப்பது, நாற்பது மாதிரிகளுக்கு மேல் தாங்காது. இந்த நிலையில் ஒரு கல்லூரி ஆய்வகமோ சுற்றுச்சூழல் குழுவோ முதலில் கேட்பது, "16எஸ் பண்ணலாமா, மெட்டாஜீனோம் பண்ணலாமா?" என்றுதான். (16எஸ் என்பது பாக்டீரியா வகைகளை அடையாளம் காட்டும் ஒரே மரபணுவை மட்டும் வாசிப்பது, மெட்டாஜீனோம் என்பது சேற்றிலுள்ள எல்லா டிஎன்ஏவையும் வாசிப்பது.) அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: எந்த மாசு? எண்ணூரில் குறைந்தது மூன்று மாசுகள் ஒரே சேற்றில் படிகின்றன. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எரிஎண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தது. இவை எண்ணெய்க் கணக்கு. வடசென்னையின் சாக்கடை ஆண்டு முழுவதும் வருகிறது. அனல்மின் நிலையச் சாம்பலும், குளிர்விப்பு வேலை முடிந்த வெந்நீரும் தனி. மூன்றுக்கும் நுண்ணுயிர்கள் ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை. அதனால் மூன்றுக்கும் ஒரே முறை பொருந்தாது.

சேறு கறுப்பாக இருந்தால் மாசு என்று எடுத்துக்கொள்வது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. கடற்கரை வண்டலில் ஆக்சிஜன் இறங்குவது சில மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே கடல்நீரின் சல்ஃபேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் ஆட்சி செய்கின்றன. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் சல்ஃபேட் இருக்கிறது, அவற்றுக்குப் பஞ்சமே இல்லை. அவை வெளிவிடும் சல்ஃபைடு இரும்போடு சேர்ந்து சேற்றைக் கறுப்பாக்குகிறது. மாசே இல்லாத அலையாத்திக் காட்டுச் சேறும் இப்படிக் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆகவே 'டெசல்ஃபோ' என்று பெயர் தொடங்கும் இந்தச் சல்ஃபேட் சுவாசிப் பேரினங்கள் 20 விழுக்காடு கிடைத்தன, எனவே மாசு அதிகம் என்று எழுதிய அறிக்கையை நம்ப வேண்டாம். அந்த 20 விழுக்காடு, பக்கத்தில் அதே மணல்–களி விகிதமும் அதே கரிமப் பொருள் அளவும் கொண்ட சேற்றில் எவ்வளவு என்பதே கேள்வி.

அள்ளுவதா, குத்தி எடுப்பதா

ஆய்வகத்தில் எந்த முறையைத் தேர்ந்தாலும் சேறு எடுக்கும் விதத்தில் கோட்டை விட்டால் மீட்க முடியாது. படகிலிருந்து வான் வீன் கிராப் (இரண்டு தாடையுள்ள இரும்புக் கரண்டி) போட்டு அள்ளுவது வேகமானது, ஆழமான இடத்துக்கும் சரி. ஆனால் தாடைகள் மூடும்போது மேல்பரப்பு கலங்கும், இடையில் ஒரு சிப்பி சிக்கினால் மேல்சேறு கழுவிப் போய்விடும். கழிமுகத்தின் பெரும்பகுதியில் வற்று நேரத்தில் இடுப்பளவுத் தண்ணீர்தான். அங்கே 5 செ.மீ. விட்டமுள்ள அக்ரிலிக் குழாயைக் கையால் குத்தி, மேலே ரப்பர் அடைப்பான் போட்டு உருவுவதே மேல். கிராப் மட்டும்தான் கிடைத்தது என்றால், மேல்மூடியைத் திறந்து, தெளிந்த நீரும் குலையாத பரப்பும் தெரிந்தால் மட்டும், நுனி வெட்டிய 10 மி.லி. சிரிஞ்சை அதில் குத்தி எடுக்கலாம். கலங்கியிருந்தால் கொட்டிவிட்டு மறுபடி போட வேண்டும்.

எத்தனை ஆழம் என்பது எண்ணெய் விஷயத்தில் முடிவையே மாற்றும். அல்கானிவோராக்ஸ், மரினோபாக்டர் போன்ற எண்ணெய் தின்னிகளுக்கு ஆக்சிஜன் வேண்டும். அவை பெருகுவது மேலிருக்கும் மெல்லிய படலத்தில். 0–5 செ.மீ. சேற்றை ஒன்றாகக் குழைத்தால் அந்தப் படலம் மீதிச் சேற்றில் கரைந்து காணாமல் போகும். பிறகு "எண்ணெய்க்கு நுண்ணுயிர்கள் எதிர்வினை காட்டவில்லை" என்று முடிவு வரும். 0–1 செ.மீ., 4–5 செ.மீ. என இரண்டு துண்டுகளைத் தனித்தனியாக எடுப்பது நல்லது. பணம் குறைவென்றால் மேல்துண்டை மட்டும் ஆய்ந்து, கீழ்த்துண்டை உறைய வைக்கலாம்.

ஒரு குழாய்ச் சேற்றை மூன்று குப்பிகளில் போட்டு 'மூன்று மாதிரி' என்று கணக்குக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அது மூன்று அல்ல, ஒன்று. ஒரு நிலையத்தில் சில மீட்டர் இடைவெளியில் மூன்று தனிக் குழாய்கள் எடுக்க வேண்டும். எடுத்ததை உலர்பனியில் வைத்து அன்றே −80 பாகைக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜின் −20 அறை தானாகவே உறைபனி நீக்கும் வகை என்றால், சேறு உருகி உறைந்து உருகி டிஎன்ஏ துண்டு துண்டாகும். உலர்பனி கிடைக்காவிட்டால் டிஎன்ஏ காக்கும் திரவத்தில் களத்திலேயே போட்டுவிடுவது பாதுகாப்பு.

பருவமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழையில் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் உப்பை இறக்கிவிடும். உப்பு மாறினால் நுண்ணுயிர்க் கூட்டமும் மாறும், மாசு மாறாவிட்டாலும். மழைக்கு முன் ஒரு முறை, மழை ஓய்ந்து உப்பு திரும்பியபின் ஒரு முறை, இரண்டும் ஓதத்தின் ஒரே கட்டத்தில் என்று வைத்துக்கொண்டால் ஒப்பிடலாம்.

வளர்த்து எண்ணும் பழைய முறை

சோபெல் 2216 அகார் என்ற கடல்நீர் ஊடகத்தில் பரப்பிக் காலனி எண்ணுவது மலிவானது. ஆனால் மொத்தக் கூட்டத்தைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு. கடற்கரை மேல்சேற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 10 கோடி முதல் 100 கோடி வரை செல்கள் உண்டு. தட்டில் முளைப்பது அதில் ஒரு விழுக்காடுகூடத் தேறாது. 'பன்மயம்' பற்றிப் பேச இதைப் பயன்படுத்துவது வீண்.

ஆனால் எண்ணெய்க்கு இதே பழைய பாணியில் ஒரு முறை இன்றும் பயனுள்ளது: 96 குழித் தட்டில் செய்யும் எம்பிஎன் எண்ணிக்கை, அதாவது எத்தனை குழிகளில் வளர்ச்சி தெரிகிறது என்பதை வைத்து உயிர்களின் எண்ணை மதிப்பிடுவது. ஒவ்வொரு குழியிலும் 2 விழுக்காடு உப்பு சேர்த்த புஷ்நெல்–ஹாஸ் ஊடகம் (கரிமம் சேராத தாது உப்புக் கரைசல்) 180 மைக்ரோலிட்டர், எண்ணெய்க்குப் பதிலாக ஹெக்சாடெக்கேன் 5 மைக்ரோலிட்டர். சேற்றைப் பத்துப் பத்து மடங்காகக் கரைத்து, ஒரு கரைசலுக்கு எட்டுக் குழிகள், குழிக்கு 20 மைக்ரோலிட்டர். அறை வெப்பத்தில் இரண்டு வாரம் வைத்து, ஐஎன்டி என்ற சாயத்தை லிட்டருக்கு 3 கிராம் கரைசலாக 50 மைக்ரோலிட்டர் விட்டால், உயிர் இயங்கிய குழிகள் சிவக்கும். பலவளைய ஹைட்ரோகார்பன்களுக்கு வேறு தட்டு: ஃபினாந்த்ரீன் முதலியவற்றைப் பென்டேனில் கரைத்துக் குழியில் விட்டு, பென்டேன் பறந்தபின் ஊடகம் ஊற்றி, மூன்று வாரம் காத்திருந்தால் மஞ்சள்–பழுப்பு நிறம் வரும். சாயம் தேவையில்லை.

இங்கே சறுக்கும் இடங்கள் சில. சேற்றுத் துகளில் ஒட்டிய செல்களைப் பிரிக்காமல் கரைத்தால் எண்ணிக்கை குறையும். 0.1 விழுக்காடு பைரோஃபாஸ்ஃபேட்டில் நன்றாகக் குலுக்கி, மணல் அடங்கச் சில நிமிடம் விட வேண்டும். எண்ணெயே இல்லாத ஒரு வரிசைக் குழிகளும் வேண்டும், ஏனென்றால் சேற்றின் சொந்தக் கரிமத்தைத் தின்றே முதல் கரைசல் குழிகள் சிவந்துவிடும். தனி எண்ணைவிட விகிதம்தான் பேசும். மாசு புகாத இடத்தில் எண்ணெய் தின்னிகள் பொதுவாக மொத்தத்தில் 0.1 விழுக்காட்டுக்கும் கீழே இருக்கும். எண்ணெய் புகுந்த இடத்தில் பல மடங்கு ஏறும். வரிசையாக்கத்துக்கு அனுப்பி அறிக்கைக்காகக் காத்திருக்கும் காலத்துக்குள், கசிவு நடந்த மாதமே இந்த எண் கையில் கிடைத்துவிடும். இதைப் 'பழசு' என்று ஒதுக்குவது நியாயமில்லை.

16எஸ் வரிசையாக்கம்

நாற்பது மாதிரிக் கணக்குக்கு மையமாக நிற்க வேண்டியது இதுதான். 0.25 கிராம் சேற்றிலிருந்து டிஎன்ஏ எடுத்து, 16எஸ் மரபணுவின் ஒரு துண்டைப் பெருக்கி, இல்லுமினா கருவியில் வாசித்தால் யார் யார் எந்த விகிதத்தில் என்று பட்டியல் வரும். மாதிரிக்கு 50,000 வாசிப்புகள் கிடைத்தால் பெரும்பாலான ஒப்பீடுகளுக்குப் போதும்.

எந்தத் துண்டு என்பதில் ஆய்வகங்கள் கண்ணை மூடிக்கொண்டு வி3–வி4 (அந்த மரபணுவின் மாறும் பகுதிகளில் மூன்றாவதும் நான்காவதும்) என்கின்றன, சேவை நிறுவனங்களின் விலைப்பட்டியலில் அதுதான் முதலில் இருக்கும். கடல் சேற்றுக்கு வி4 நல்லது என்பது எங்கள் கருத்து. திருத்தப்பட்ட 515எஃப்–806ஆர் பிரைமர் இணை (பெருக்க வேண்டிய துண்டின் இரு முனையையும் குறிக்கும் சிறு டிஎன்ஏ) பாக்டீரியாவோடு ஆர்க்கியா என்ற தனி நுண்ணுயிர் வகையையும் பிடிக்கும். சேற்றின் ஆழத்தில் ஆர்க்கியா சிறுபான்மை அல்ல. இன்னொரு காரணம் வெறும் கணக்கு. வி3–வி4 துண்டு ஏறக்குறைய 460 டிஎன்ஏ எழுத்து. இரு முனையிலிருந்தும் 250 எழுத்து வாசித்தால் மொத்தம் 500. நடுவில் ஒன்றன்மேல் ஒன்று விழுவது 40 எழுத்துதான். வாசிப்பின் கடைசி எழுத்துகள் தரம் குறைந்தவை, அவற்றை வெட்டியதும் ஒட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. வாசிப்புகளை ஒட்டிப் பிழை நீக்கும் டாடா2 மென்பொருளில் பாதி வாசிப்புகள் 'இணையவில்லை' என்று போய்விடும். வி3–வி4தான் வேண்டுமென்றால் 300 எழுத்து வாசிப்பு கேட்க வேண்டும். வி4 துண்டு பிரைமர் நீங்கலாக 253 எழுத்துதான், 250 வாசிப்பில் தாராளமாக ஒட்டும். மலிவு என்று நோவாசீக் கருவியில் ஓட்டினால் இன்னொரு சிக்கல்: அது எழுத்துத் தர மதிப்புகளைச் சில படிகளாகச் சுருக்கித் தரும், டாடா2வின் பிழைக் கணிப்பு அதில் தடுமாறும். அதற்கென்று மாற்றிய பிழைக் கணிப்பு முறை போட வேண்டும்.

எண்ணூர்ச் சேற்றில் டிஎன்ஏ எடுப்பதே ஒரு கலை. ஈரச் சேற்றில் பாதிக்கு மேல் உப்புத் தண்ணீர். அதோடு 0.25 கிராம் எடைபோட்டால் உண்மையில் சேறு அதில் பாதிகூட இல்லை. முதலில் சுழற்றி நீரை வடித்துவிட்டு எடைபோட வேண்டும். ஹியூமிக் அமிலமும் (மட்கிய கரிமப் பொருள்) எண்ணெயும் டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் வினையை அடைக்கும். ஜெல்லில் பட்டை வராவிட்டால் டிஎன்ஏவைக் கூட்டாதீர்கள், பத்தில் ஒன்றாகக் குறையுங்கள். கூடவே அடைப்பைத் தணிக்கும் பிஎஸ்ஏ புரதம் சேருங்கள். வெற்றுக் குழாயில் அதே கிட்டை ஓட்டிய 'பிளாங்க்' ஒன்றும், கலவை தெரிந்த மாக் சமூகம் ஒன்றும் ஒவ்வொரு தொகுப்பிலும் போக வேண்டும். 'காசு மிச்சம்' என்று முதலில் வெட்டப்படுவது இவைதான். எல்லா மாதிரியும் ஒரே ஓட்டத்தில் போகட்டும். மழைக்கு முன் எடுத்ததை ஒரு ஓட்டம், பின் எடுத்ததை வேறு ஓட்டம் என்று அனுப்பினால், பருவத்தின் வேறுபாடா கருவியின் வேறுபாடா என்று யாராலும் பிரிக்க முடியாது. மேல்சேற்றில் டயாட்டம் பாசிகள் ஏராளம், அவற்றின் பசுங்கணிகத்து 16எஸ் வரிசைகளைக் கழித்துவிட்டே விகிதம் போட வேண்டும்.

இனி விகிதத்தின் பொய். உலகெங்கும் கடற்கரைச் சேற்றில் காணப்படும் வோசியா கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கிராமில் 10 கோடி செல்களில் அது 1 கோடி என்றால் 10 விழுக்காடு. சாக்கடை வந்து மற்றவை பெருகி மொத்தம் 100 கோடி ஆகிறது. வோசியா ஒரு செல்கூடக் குறையவில்லை, ஆனால் பட்டியலில் 1 விழுக்காடு. "சாக்கடை வோசியாவை அழித்தது" என்று கட்டுரை தயாராகிவிடும். இதைத் தடுக்க எளிய வழி, அதே டிஎன்ஏவில் மொத்த 16எஸ் பிரதிகளைக் க்யூபிசிஆரில் (பெருக்கும்போதே பிரதிகளை எண்ணும் பிசிஆர்) எண்ணி, விகிதத்தை அதோடு பெருக்குவது. செல்லுக்கு எத்தனை 16எஸ் பிரதி என்பது இனத்துக்கு இனம் மாறும், எனவே வரும் எண் துல்லியமானதல்ல. இருந்தும் திசை தவறாது.

க்யூபிசிஆர்: குறைந்த கேள்வி, நேரான பதில்

ஒரு மரபணு எத்தனை பிரதி என்று மட்டும் சொல்லும். பட்டியல் கிடையாது. சாக்கடைக் கேள்விக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. மனிதக் குடலின் பாக்டிராய்டிஸைக் குறிவைக்கும் எச்எஃப்183, 2014இல் கண்டறியப்பட்ட கிராஸ்ஃபேஜ் வைரஸ், மருந்து எதிர்ப்பு மரபணுக்களைச் சுமக்கும் இன்டெக்ரான்களின் அடையாளமான இன்ட்ஐ1 மரபணு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எச்எஃப்183 மட்டும் போதும் என்று இறங்கக் கூடாது. அது மனிதனுக்கே உரியது என்ற சான்று பெரும்பாலும் வெளிநாட்டு மாதிரிகளில் கிடைத்தது. இங்குள்ள செப்டிக் லாரிக் கழிவு, மாட்டுச் சாணம், நாய், கோழி எச்சம் ஆகியவற்றில் ஓட்டிப் பார்த்துவிட்டே நம்ப வேண்டும். கோலிஃபார்ம் எண்ணிக்கை சேற்றுக்கு மோசமான சாட்சி. ஈ. கோலை சேற்றில் ஒட்டிக்கொண்டு தண்ணீரைவிட நெடுநாள் தங்கும். நேற்றைய சாக்கடையா, போன மாதத்துச் சாக்கடையா என்று அது சொல்லாது.

எண்ணெய்க்கு, அல்கேன்களைச் சிதைக்கும் ஆல்க்பி மரபணு பிரபலம். அது சுத்தமான கடலிலும் பூஜ்யமாக இருக்காது, ஏனென்றால் நீலப்பச்சைப் பாசிகளே அல்கேன்களை உற்பத்தி செய்கின்றன. ஆக்சிஜன் இல்லாத கீழ்த்துண்டுக்கு ஆல்க்பி பொருந்தாது. அங்கே, ஆக்சிஜன் இல்லாமல் எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கும் ஏஎஸ்எஸ்ஏ, பிஎஸ்எஸ்ஏ மரபணுக்களைத் தேட வேண்டும்.

தெரிந்த அளவு டிஎன்ஏவை வைத்து அளவுகோலாகப் போடும் நேர்வரைபடத்தின் சாய்வு −3.1க்கும் −3.6க்கும் இடையில் இல்லாவிட்டால் அந்த ஓட்டத்தைக் குப்பையில் போடலாம். தெரிந்த அளவு அந்நிய டிஎன்ஏவைக் கலந்து தடை இருக்கிறதா என்று ஒவ்வொரு மாதிரிக்கும் பார்க்க வேண்டும். சாம்பலும் களியும் டிஎன்ஏவை இறுகப் பிடித்துக்கொள்ளும், தடையில்லாமலேயே எண்ணிக்கை குறையும். விடையை உலர் எடைக் கிராமுக்குத்தான் எழுத வேண்டும். 105 பாகையில் ஒரு நாள் உலர்த்தி நீர் விழுக்காடு எடுக்காதவர்கள் பாதி வேலையோடு நிற்கிறார்கள்.

தயார்க் குறியீடு வாங்கலாமா

2017இல் ஸ்பெயினின் பாஸ்க் கடற்கரையை வைத்து மைக்ரோஜிஏஎம்பிஐ என்ற குறியீடு வந்தது. பாக்டீரியாக் குடும்பங்களை மாசு தாங்குபவை, தாங்காதவை என்று பிரித்து, ஒரே எண்ணில் தரம் சொல்லும். கலெக்டர் அலுவலகத்தில் காட்ட ஒரே எண் வசதிதான். ஆனால் குளிர்க் கடல் முகத்துவாரத்தில் 'மாசு தாங்குபவை' என்று முத்திரை குத்தப்பட்டவை, அலையாத்திச் சேற்றில் இயல்பான குடியிருப்பாளர்களாக இருக்கும். அந்த எண்ணை அப்படியே எண்ணூருக்கு ஒட்டினால் கண்டல் வேரடிச் சேறெல்லாம் சாக்கடை என்று வரும். அதற்குப் பதில், கால்வாய் சேரும் இடத்திலிருந்து முகத்துவாரம் வரை ஒரு சாய்வாக ஆறு நிலையங்கள் வைத்து, அளந்த மாசோடு எந்த இனங்கள் ஏறி இறங்குகின்றன என்று சொந்தமாகப் பட்டியல் போடலாம். 'தூய' நிலையம் தேடி பழவேற்காட்டுக்குப் போனாலும் துகள் அளவும் உப்பும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தே எடுக்க வேண்டும். மணலையும் களியையும் ஒப்பிட்டால் மாசு அல்ல, மணல்தான் தெரியும்.

மெட்டாஜீனோம்

முழு டிஎன்ஏவையும் வாசிப்பது கவர்ச்சியானது. சேறோ மிகச் சிக்கலான கூட்டம். மாதிரிக்கு 10 கிகாபேஸ் வாசித்தாலும் அரிய இனங்களின் மரபணு முழுமையாக ஒட்டாது. அதே பணத்தில் பல மாதிரிகளுக்கு 16எஸ் முடித்துவிடலாம். மூன்று மெட்டாஜீனோம் வைத்து "மாசு காரணமாக" என்று எழுதப் புள்ளிவிவரத்தில் இடமே கிடையாது. 16எஸ் முடிவு பார்த்தபின், மிக மாறுபட்ட இரண்டு மூன்று மாதிரிகளுக்கு மட்டும், "இந்தக் கூட்டம் என்ன செய்கிறது?" என்ற கேள்வியோடு போகலாம். நானோபோரில் முழு 1,500 எழுத்து 16எஸ் வாசிப்பது இனப் பெயரை நெருக்கமாகச் சொல்லும். ஆய்வகத்திலேயே கருவி இருந்தால் செய்யலாம், மாசு முடிவை அது பெரிதாக மாற்றாது.

மாசுக்கு மாசு

எண்ணெய் என்றால்: 0–1 செ.மீ. துண்டு, எம்பிஎன் தட்டு, 16எஸ். கூடவே ஜிசியில் (வாயு நிறப்பிரிகைக் கருவி) எண்ணெயின் சி17க்கும் பிரிஸ்டேனுக்கும் உள்ள விகிதம். நுண்ணுயிர்கள் நேர்ச்சங்கிலி சி17ஐ முதலில் தின்னும், கிளைச்சங்கிலிப் பிரிஸ்டேனை விட்டுவைக்கும். விகிதம் இறங்கினால் தின்னிகள் வேலை செய்கின்றன என்று பொருள். அல்கானிவோராக்ஸ் கசிந்த சில வாரங்களில் எழும்பி அடங்கிவிடும். அதைப் பார்க்கவில்லை என்பதால் எண்ணெய் போய்விட்டது என்று ஆகாது. சேற்றில் இறந்த செல்களின் டிஎன்ஏ நெடுநாள் தங்குவதால், பட்டியலில் இருக்கும் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது.

சாக்கடை என்றால்: மூன்று குறிகளின் க்யூபிசிஆர் போதும். 16எஸ் இருந்தால் கூடுதல் நலம்.

சாம்பல், உலோகம் என்றால்: நுண்ணுயிர்களிடம் கேட்காதீர்கள். சாம்பல் முதலில் மாற்றுவது சேற்றின் துகள் அளவை. நுண்ணுயிர் மாற்றம் அதனால் வந்ததா, உலோகத்தால் வந்ததா, பக்கத்து வெந்நீரால் வந்ததா என்று பிரிக்க முடியாது. ஒரு சொட்டுச் சேற்றைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தாலே அனல்மின் சாம்பல் பளபளக்கும் உருண்டை மணிகளாகத் தெரியும், ஆற்று வண்டலோ உடைந்த கோணத் துணுக்குகளாக இருக்கும். இதைவிட மலிவான சோதனை இல்லை. அதன்பின் உலோகம் அளந்து, அலுமினியத்தோடு வகுத்துச் சரிசெய்து, துத்தநாகம் கிலோவுக்கு 150 மி.கி., ஈயம் 46.7, செம்பு 34 என்ற கீழ்வரம்போடும் (இதற்குக் கீழே உயிர்களுக்குக் கேடு அரிது), 410, 218, 270 என்ற மேல்வரம்போடும் (இதற்கு மேலே கேடு அடிக்கடி) ஒப்பிடலாம். இவை வட அமெரிக்கத் தரவுகளிலிருந்து வந்த வரம்புகள், எச்சரிக்கை மணியாக மட்டும் கொள்ளலாம். சல்ஃபைடு மிகுந்த கறுப்புச் சேறு உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தூர்வாரிக் காற்றுப் பட்டால் அது வெளியேறும். தூர்வாரும் திட்டம் உள்ள இடத்தில் அமிலத்தில் விடுபடும் சல்ஃபைடையும் அளப்பது அவசியம்.

மூன்று மாசும் சேர்ந்தே கேள்வி என்றால் கணக்கு இப்படிப் போகும்: ஆறு நிலையங்கள், மூன்று குழாய்கள், இரண்டு பருவங்கள், ஆக 36 மாதிரி. அதோடு பிளாங்குகளும் மாக் சமூகமும். எல்லாவற்றுக்கும் துகள் அளவு, கரிமம், நீர் விழுக்காடு, உப்பு. எல்லாவற்றுக்கும் வி4 16எஸ், மொத்த 16எஸ் எண்ணிக்கை, சாக்கடைக் குறிகள். எண்ணெய் சந்தேகமுள்ள நிலையங்களுக்கு மட்டும் எம்பிஎன்னும் ஜிசியும். பணம் குறைந்தால் பருவத்தை ஒன்றாக்கலாம், குழாய்களைக் குறைக்கக் கூடாது. ஒவ்வொரு குழாயிலிருந்தும் இரண்டு கிராம் சேற்றைத் திறக்காத குப்பியில் −80இல் தனியாக வைத்துவிடுங்கள். அடுத்த கசிவு வரும் நாளில், கசிவுக்கு முந்தைய சேறு அந்தக் குப்பியில் மட்டுமே இருக்கும்.